அம்மா தூக்கிப் பார்த்த டயர்கள்

“மருந்துச் சீட்டு படிக்கிறவளுக்கு ரப்பரப் பத்தி என்னா தெரியும்?”

அம்மா இதைக் கேட்டபோது கணுக்கால் வரை சேற்றில் நின்றிருந்தார். எங்கள் வண்டியின் முன்சக்கரம் ஒன்று வடிகாலுக்குள் இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். மழை ஓய்ந்து தூறல் மட்டும் மிச்சமிருந்தது. பின்பக்கம் வாழையிலைக் கட்டுகளும் கறிவேப்பிலை மூட்டைகளும் கூரை வரை ஏறியிருந்தன. எங்களோடு சந்தைக்கு வந்துகொண்டிருந்த எதிர் வீட்டு அக்கா சாலையோரம் நின்று, யாருக்கும் அடிபடவில்லை என்று மூன்றாவது முறையாகக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

மலேசியாவில், கோலா கங்சார் பக்கம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து, இப்போது செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிவிட்ட இடத்தில் எங்கள் வீடு. வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு இறங்கும் வழியில் ஒரு வளைவு உண்டு. முன்பு ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகை நின்ற இடம் அது. கூரை போய்விட்டது, சிமெண்டுத் தரை மட்டும் இருக்கிறது. அந்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், ஏதோ தனக்கு வேறு வேலை இருப்பதுபோல, பக்கவாட்டில் நகர்ந்து போய் வடிகாலில் உட்கார்ந்துகொண்டது.

இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்தேன். கன்னம்போல வழவழவென்று இருந்தது. ஓராண்டாக இந்த வண்டியை ஓட்டுகிறேன். டயரைத் தொட்டது அன்றுதான்.

அம்மாவும் தடவிப் பார்த்தார். “இதுக்கு எந்தக் கோயில்ல மொட்ட போட்ட?”

“மாத்திட்டா சரியாயிரும்மா. நானே பாத்து நல்லதா வாங்குறேன்.”

அதற்குத்தான் ரப்பரைப் பற்றிய அந்தக் கேள்வி. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், “அடுத்த வாரத்துலேருந்து நான் லாரியிலேயே போறேன்” என்றார். எதிர் வீட்டு அக்கா என் முகத்தைப் பார்க்காமல், “நானுந்தான்மா” என்றார்.

லாரி என்றால் காய்கறி லாரி. மேலே கூரையில்லாத பின்பகுதியில், மூட்டைகளுக்கு நடுவே ஒரு ரப்பர்த் தாளை விரித்து உட்கார்ந்து, மழை வந்தால் அதே தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு ஈப்போ சந்தைக்குப் போவார்கள். அம்மா பல வருடம் அப்படித்தான் போனார். எங்கள் வீட்டில் இடைநிலைப் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். டிப்ளோமா வாங்கி, ஈப்போவில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடன் போட்டு வாங்கிய பழைய எஸ்யூவி இது. கறுப்பு நிறம், ஏழு இருக்கை. வாங்கிய முதல் ஞாயிறு அம்மா முன்னிருக்கையில் ஏறி, கைப்பையை மடியில் வைத்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அலுவலகத்துக்குப் போகிறவர்போல நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த இருக்கைக்காகத்தான் வண்டி வாங்கினேன் என்று கூடச் சொல்லலாம். இப்போது அது காலியாகிவிட்டது.

அன்று இரண்டு செம்பனை லாரிக்காரர்கள் கயிறு கட்டி வண்டியை மேலே இழுத்தார்கள். மறுநாளிலிருந்து நான் டயர்களைப் பார்க்கத் தொடங்கினேன். நின்றிருக்கிற எந்த வண்டியாக இருந்தாலும் சரி, குனிந்துவிடுவேன். மருந்துக் கடையின் பின்வாசலில் ஒருவர் தம் காரை நான் திருட வந்ததாகவே நினைத்துவிட்டார். “என்னம்மா தேடுற?” “டயர்ல என்னா எழுதியிருக்குன்னு பாக்குறேண்ணே.” “டயர்ல எழுதியிருக்கா?” என்று அவரும் கூடக் குனிந்தார்.

எவ்வளவு எழுதியிருக்கிறது! கறுப்பின் மேல் கறுப்பாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அகலம், உயரம், உள்வட்டம், எவ்வளவு சுமை, எவ்வளவு வேகம், எந்த நாடு, எந்தத் தொழிற்சாலை. கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம். முதல் இரண்டு, ஆண்டின் எத்தனையாவது வாரம். பின் இரண்டு, எந்த ஆண்டு. அது என்ன என்று தெரிந்ததும் எனக்கு ஒரு மருந்துப் புட்டியின் காலாவதித் தேதியைக் கண்டுபிடித்த சந்தோஷம். வேலையில் நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன். வீட்டுக்கு ஓடி வந்து எங்கள் வண்டியின் கட்டத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். நான் பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிய ஆண்டில் செய்த டயர்கள். அந்தத் தேர்வில் கிடைத்த சான்றிதழ் எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதே வயதுள்ள ரப்பர் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து விலை. பேர் தெரிந்த நிறுவனத்தின் டயர் நான்கு போட்டால் என் ஒரு மாதச் சம்பளம் போதாது. ஈப்போவிலிருந்து லகாட் போகும் சாலையில் ஒரு பெரிய டயர் கடை இருக்கிறது. அதற்குச் சில ஊர்களில் கிளைகள் உண்டு. கடையின் சொந்தப் பெயரிலேயே ஒரு டயர் வைத்திருக்கிறார்கள். விலை ஏறக்குறையப் பாதி. கைப்பேசியில் அதன் படத்தைப் பல முறை திறந்து திறந்து மூடினேன். ஏன் தயங்குகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

மருந்துக் கடையில் தினமும் யாராவது ஒருவர் பேர்போன மாத்திரைதான் வேண்டுமென்று நிற்பார். “அண்ணே, இதுவும் அதே மருந்துதான். பேரு மட்டும் வேற. விலை கம்மி” என்று நான் மலிவான அட்டையை எடுத்துக் காட்டுவேன். நம்பிக்கையோடுதான் சொல்வேன். இப்போது என் முறை வந்ததும் நானும் பேர்போன டயரின் படத்தையே தேடினேன். ஒரே ஒரு வித்தியாசம். மாத்திரை அட்டையின் பின்னால் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். டயரின் மேல் இவ்வளவு எழுதியிருக்கிறார்களே, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று மட்டும் எங்கேயும் இல்லை. அப்படியென்றால் மலிவு டயரை எதை வைத்து நம்புவது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். “சனிக்கிழம எனக்கு லீவு. கடைக்கு வா. நீயே பாரு.”

“வாரேன். ஆனா ஒன் வண்டியில வரமாட்டேன்.”

அப்படித்தான் நடந்தது. ஒரே காலை, ஒரே கடை. நான் வண்டியில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போனேன். அம்மா பஸ்ஸில் வந்தார். எனக்கு முன்னால் வந்து, கடை வாசலில் ஒரு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, அறுபது வயதுச் சீனர். தோட்டத் தமிழ் அழகாகப் பேசுவார். அவருடைய அப்பா தோட்டம் தோட்டமாகப் போய்க் கட்டிப்பால் வாங்கியவராம். மரத்தில் கட்டிய கோப்பையிலேயே உறைந்து போகிற ரப்பர்தான் கட்டிப்பால். இதைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஓங்க அப்பா தராசுல எத்தன கிலோவ முழுங்குனாரு?”

தவுக்கே சிரித்தார். “ஒங்க ஆளுங்க கட்டிப்பால்ல எத்தன கல்லு வெச்சாங்க? ரெண்டும் சரியாப் போச்சுலா.”

நான் என் தாளை எடுத்தேன். அதில் டயரின் அளவை எழுதி வைத்திருந்தேன். 235, 60, 18. கடையின் சொந்த டயரில் அந்த அளவு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து சாய்த்து வைத்தார். நான் முதலில் பார்த்தது நான்கு இலக்கக் கட்டத்தை. செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடுத்துத் தொழிற்சாலையின் குறியைப் பார்த்தேன். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன், மருந்துக் கடைக்கு வரும் ஒரு டாக்டருடைய காரின் டயர். விலை கூடிய பேர். இரண்டிலும் தொழிற்சாலைக் குறி ஒன்றுதான்.

“தவுக்கே, இதுவும் அதுவும் ஒரே எடத்துல செஞ்சதா?”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டையும் பார்த்தார். இதுவரை யாரும் அவரிடம் கேட்காத கேள்வி போலிருக்கிறது. “ஆமாம்லா. ஒரே அடுப்பு.” பிறகு யோசித்து, “ஆனா கறி வேற வேற. அடுப்பப் பாத்து ருசிய சொல்ல முடியாது” என்றார்.

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் அடுப்பாவது நல்ல அடுப்பு, சமைத்தும் அதிக நாள் ஆகவில்லை. நான் தேதியைப் பார்த்தேன், அளவு பொருந்துகிறது, விலையும் பொருந்துகிறது. “நாலு போடுங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“இரு” என்றார் அம்மா.

டயரின் முன்னால் வந்து நின்று, சேலையை இழுத்துச் செருகி, இரண்டு கையாலும் பிடித்து மார்பு வரை தூக்கினார். கீழே வைத்தார். பக்கத்து அடுக்கிலிருந்து இன்னொன்றைத் தூக்கினார். அதையும் வைத்தார். பன்னிரண்டு வயதில் பால் வாளி தூக்கத் தொடங்கியவர். தோட்டத்தில் பால் வெட்டு நின்ற நாள் வரை அம்மாவின் வேலையை யாரும் பேரைக் கேட்டோ வடிவைப் பார்த்தோ மதித்ததில்லை. கொட்டகைக்கு வந்து, தராசில் ஏறி, என்ன எடையோ அதுதான் மதிப்பு. அம்மாவுக்குச் சரக்கைப் பார்ப்பது என்றால் தூக்கிப் பார்ப்பதுதான். தர்பூசணியாக இருந்தாலும் துணி துவைக்கும் பொடிப் பொட்டலமாக இருந்தாலும்.

கடையிலிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. “அம்மா, டயர எடைக்கு வாங்க மாட்டாங்கம்மா.”

“நீ சும்மா இரு. தவுக்கே, இது ரெண்டும் ஒரே அளவா?”

“ஒரே அளவு, ஒரே பேரு.”

“அப்புறம் ஏன் இது லேசா இருக்கு?”

தவுக்கேக்கும் சுவாரசியம் வந்துவிட்டது. பழைய அலுமினியச் சக்கரங்களை எடைக்கு விற்பதற்காகப் பின்னால் ஒரு தராசு வைத்திருந்தார். இரண்டையும் ஏற்றினோம். நான் எடுக்கப் போனது பதின்மூன்று கிலோவும் கொஞ்சமும். அம்மா இரண்டாவதாகத் தூக்கியது பதினாலரை. அம்மா என்னைப் பார்த்தார்.  

ஒரே பேர், ஒரே அளவு, ஒரு கிலோவுக்கு மேல் எங்கே போனது? நான் தரையில் உட்கார்ந்து இரண்டு டயரையும் எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒன்றில் அளவுக்குப் பிறகு 103 என்று இருந்தது. மற்றதில் 107. என் தாளில் அந்த எண்ணே இல்லை. அகலம், உயரம், உள்வட்டம் எழுதினேன். அதற்கு அடுத்த எண்ணை விட்டுவிட்டேன்.

“அது எவ்வளவு கனம் தாங்கும்னு” என்றார் தவுக்கே. 103 என்றால் ஒரு டயர் 875 கிலோ வரை. 107 என்றால் 975. நான் எழுந்து போய் எங்கள் வண்டியின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். கதவு மூடுகிற இடத்தில் ஒரு சிறிய தாள் ஒட்டியிருக்கிறது. ஓராண்டாக அதன் பக்கத்தில் உட்காருகிறேன். அதில் என் வண்டிக்கு 107 என்று தெளிவாக எழுதியிருந்தது.

தேதியை மட்டும் பார்த்துவிட்டு எத்தனை மில்லிகிராம் என்பதைப் பார்க்காமல் மருந்து கொடுத்ததைப் போன்ற தப்பு இது. கடையில் அப்படிச் செய்தால் என்னை அந்த மேசைக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். ஏழு இருக்கை, மூன்று பெண்கள், கூரை வரை இலைக்கட்டு, அந்த இறக்கம். 

“தவுக்கே, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“நீ அளவு எழுதிக் கொண்டாந்த. படிச்ச பொண்ணு, பாத்துத்தான் எழுதியிருப்பன்னு நெனச்சேன்.”

அம்மாவுக்கு அதற்குள் வேறு யோசனை வந்துவிட்டது. கடையின் மூலையில் பெரிய பெரிய கட்டைகளாக வரி வைத்த ஒரு டயர் நின்றிருந்தது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். முகம் பளபளத்தது. “இது இன்னும் கனம். இதையே போட்டுறலாம்.”

நான் போய்ப் பார்த்தேன். அதே அளவுதான், அதே கடைப் பேர்தான். தராசில் பதினேழு. நான்கு இலக்கக் கட்டத்தைத் துடைத்தேன். செய்து நான்கு வருடம். மண்ணிலும் கல்லிலும் ஏறுகிற வண்டிக்கானது, நனைந்த தார்ச்சாலையில் இதைவிட மற்றதுதான் நன்றாகப் பிடிக்கும் என்றார் தவுக்கே. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

“கனமா இருந்தா ரப்பர் கூட இருக்குன்னு அர்த்தம். இதுல என்னா படிப்பு?”

“கட்டிப்பால்ல கல்லு வெச்சாக்கூடத்தான் கனமா இருக்கும்” என்றேன். “ஒன் மர வரிசையில இருந்த சுப்பர்வைசர் கத்தியால வெட்டிப் பாத்துட்டுத்தான் எடைய எழுதுவார்னு நீதானேம்மா சொன்ன?”

 தவுக்கேதான் முதலில் சிரித்தார். “சரியாச் சொன்னா! எங்க அப்பாவும் வெட்டுவாரு.”

அம்மா அந்த டயரை இன்னொரு முறை தூக்கினார். கீழே வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு, “அப்ப அந்தப் பதினாலரையவே போடச் சொல்லு” என்றார். அதை 107 என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அதன் பேர் பதினாலரை.

நான்கு சக்கரத்துக்கும் மாட்டி, காற்றடித்து, நேர்செய்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாட்டுவதற்கு முன் நான்கின் தேதியையும் நான் படித்தேன். அம்மா நான்கையும் ஒரு முறை தூக்கினார். தவுக்கேயின் வேலையாட்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் நான் முன்கதவைத் திறந்து பிடித்தேன்.

“ஏறும்மா.”

“பஸ்ஸு டிக்கெட்டுக்குக் கார்டுல காசு இருக்கு. வீணாப் போயிரும்” என்று சொல்லிவிட்டு நடந்தார். கார்டில் இருக்கிற காசு வீணாகாது என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் அம்மா லாரியிலேயே சந்தைக்குப் போனார். அந்த வாரம் முழுக்க மழை. ஒவ்வொரு மாலையும் வேலையிலிருந்து வந்து, தனியாக, அந்த வளைவில் நான்கைந்து முறை ஏறி இறங்கினேன். வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, எந்த இடத்தில் மிதித்தால் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். சிமெண்டுத் தரையின் விளிம்பில் ஒரு செங்கல்லை வைத்து, மிதிக்க வேண்டிய இடத்தை அடையாளம் செய்துகொண்டேன். புது டயர் முதலில் கொஞ்சம் வழுக்கும், நூறு இருநூறு கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டு என்று தவுக்கே சொல்லியிருந்தார். அதுவும் உண்மைதான். பிடிப்பு கூடக் கூடச் செங்கல்லை நாளுக்கு நாள் கீழே நகர்த்தி வைத்தேன். எதிர் வீட்டு அக்கா சன்னலில் நின்று பார்ப்பது தெரிந்தது. அவர் பார்த்தால் அம்மாவின் காதுக்குப் போய்விடும் என்பதும் தெரியும்.

ஞாயிறு காலை லாரி வந்து ஹார்ன் அடித்தது. தூறல் இருந்தது. அம்மா வாசலுக்கு வந்து லாரியைப் பார்த்தார், என் வண்டியைப் பார்த்தார். லாரிக்காரரிடம், “நீ போ தம்பி. மழையில எல நனையும்” என்றார். இலைக்கட்டுகளைப் பின்னால் அடுக்கினோம். எதிர் வீட்டு அக்கா நடு இருக்கையில் ஏறினார். அம்மா முன்னால் வந்து, கைப்பையை மடியில் வைத்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். ஒரு கை மட்டும் கதவுக்கு மேலிருந்த பிடியை விடவில்லை.

வளைவு வந்தது. செங்கல்லுக்குச் சற்று முன்னால் மெல்ல மிதித்தேன். வண்டி குனிந்து, பிடித்து, திரும்பியது. பின்னால் இலைக்கட்டு ஒன்று மட்டும் சரிந்தது.

 பெரிய சாலைக்கு வந்து சேர்ந்த பிறகு அம்மா பிடியிலிருந்து கையை எடுத்தார். நல்ல வார்த்தை ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

“அஞ்சாவது எங்க?” என்றார்.

“எது?”

“நாலத்தானே நான் தூக்கிப் பாத்தேன். ஒண்ணு வெடிச்சா மாத்துறதுக்கு இன்னொண்ணு வெச்சிருப்பாங்கள்ல? அது எங்க? அத யாரு பாத்தா?”

நடு இருக்கையில் எதிர் வீட்டு அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார்.  என் வண்டியில் மாற்று டயர் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.

சந்தை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாசலில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். பின்பக்க வயிற்றில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாளும் தரையைத் தொடாத டயர். புது டயருக்கு இருக்கிற சின்னச் சின்ன ரப்பர் முடிகள்கூட அப்படியே இருந்தன. அம்மா குனிந்து, “புதுசு மாதிரில்ல இருக்கு” என்றார். நான் கைப்பேசி வெளிச்சத்தில் கட்டத்தைத் தேடித் துடைத்தேன். நான் ஆறாம் வகுப்பில் இருந்த ஆண்டு. வரிகளுக்கு இடையில் நகத்தால் அழுத்தினால் காய்ந்த களிமண்போல வெடிப்புகள்.

வண்டிக்கு அடியிலிருந்தபடியே தவுக்கேக்கு அழைத்துவிட்டேன். சொந்தப் பேரில் அதே 107, ஒன்று மட்டும், தேதி பார்த்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை, பத்து மணி. இருவர் வருவோம், ஒரே வண்டியில், தராசைத் துடைத்து வையுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.